கடைக் கணிப்பொறியில் கணக்குக்குத் தனி அறை

லினக்ஸ் போடும் முன் ஹார்டு டிஸ்கைப் பிரிக்கும் முறையும், ஸ்வாப் இடம் ஒதுக்கும் கணக்கும்

மளிகைக் கடை வைத்திருக்கும் எவரும் மண்ணெண்ணெய் டின்னைத் தேயிலைப் பெட்டிக்கு அருகில் வைப்பதில்லை. உப்பு மூட்டையின் மேல் சர்க்கரை மூட்டையை அடுக்குவதில்லை. கல்லாப்பெட்டியைத் தெருவாசலில் வைப்பதில்லை. எது எங்கே இருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கடை திறப்பதற்கு முன்பே தீர்மானித்து விடுகிறோம். ஆனால் அதே கடையின் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியில், பல வருடப் பற்று வரவும், கொள்முதல் பில்லும், கணிப்பொறியை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டமும், பிள்ளைகள் இறக்கி வைத்த சினிமாப் படங்களும் ஒரே குடோனில் கொட்டிக் கிடக்கின்றன. அந்தக் குடோனை எப்படித் தடுத்துப் பிரிப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியைத் தூக்கி எறிய மனம் இல்லாத வணிகர்கள் லினக்ஸ் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். லினக்ஸுக்கு விலை இல்லை. பழைய இயந்திரத்திலும் ஓடும் வகைகள் அதில் உண்டு.

லினக்ஸ் நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் சிஸ்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். வங்கிகள் கணிப்பொறிமயமான காலத்தில் பல கிளைகளில் ஓடியது யூனிக்ஸ்தான். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006, 2007 ஆண்டுகளில் தன் அலுவலகக் கணிப்பொறிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கு ஏற்ற லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் பக்கம் பக்கமாக இருந்தன. பெரம்பலூரிலும் அரியலூரிலும் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினியே டிஸ்க் பிரிப்புக்கு நம் கைக்கெட்டிய உதாரணம். ஒரே டிஸ்க், நடுவே தடுப்புகள், இந்தப் பக்கம் ஒரு சிஸ்டம், அந்தப் பக்கம் இன்னொன்று.

எங்கள் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைக் கணிப்பொறியில் லினக்ஸ் போட்டு, அதில் ஒரு பில்லிங் மென்பொருளும் வைத்துக்கொண்டோம். ஆடியில் மக்காச்சோளம் விதைக்கும் குடும்பங்கள் தை மாத அறுவடை வரை மளிகைச் சாமான்களைக் கடனில் வாங்கிச் செல்வது நம் பக்கத்து வழக்கம். அந்தப் பற்றுக் கணக்கு முழுவதும் கணிப்பொறியில் இருந்தது.

ஒரு நாள் சிஸ்டம் மிகவும் மந்தமாகிவிட்டது. சர்வீஸ் செய்பவரை அழைத்தோம். "சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போட்டு விடலாம், அண்ணாச்சி. உங்கள் கோப்புகள் எல்லாம் ஹோம் என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. அதை நான் தொடமாட்டேன்" என்றார். சொன்னபடியே அவர் அதைத் தொடவில்லை. வேலை முடிந்ததும் திறந்து பார்த்தோம். கடிதங்கள் இருந்தன, விலைப்பட்டியல் இருந்தது, புகைப்படங்கள் இருந்தன. பில்லிங் மென்பொருளைத் திறந்தால் வாடிக்கையாளர் பட்டியல் வெற்றாக இருந்தது.

அந்த மென்பொருள் தன் கணக்கை ஹோம் பகுதியில் வைக்கவில்லை. டேட்டாபேஸ் ஒன்றில் வைத்திருந்தது. டேட்டாபேஸ் உட்கார்ந்திருந்த இடமோ சிஸ்டம் இருந்த பகுதி. சிஸ்டத்தை அழித்தபோது கணக்கும் சேர்ந்தே போயிற்று. பென் டிரைவில் இருந்த காப்பி நான்கு மாதம் பழையது.

கார்பன் காப்பி சிட்டைகளையும், வாடிக்கையாளர்களின் கையில் இருந்த பற்று நோட்டுகளையும் வைத்துக்கொண்டு, மூன்று வாரம் இரவு கடை அடைத்த பிறகு உட்கார்ந்து கணக்கை மறுபடி எழுதினோம். நோட்டைத் தாங்களாகவே கொண்டுவந்து காட்டியவர்கள் பலர். நோட்டில் ஏறாத தொகையையும் நினைவிலிருந்து சொல்லிச் சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் சில கணக்குகள் நேராகவில்லை. பணத்தைவிட, "நான் கொடுத்ததை எழுதவில்லையா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டதுதான் மனத்தை உறுத்தியது.

இதில் சர்வீஸ் செய்தவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கணக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தடுப்புச்சுவர் சரியாகத்தான் இருந்தது. சரக்குதான் சுவருக்குத் தவறான பக்கத்தில் இருந்தது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இந்த ஒன்றை முதலில் நினைவில் வைக்குமாறு வேண்டுகிறேன்.

பிரிப்பு என்றால் என்ன?

ஒரு டிஸ்கைப் பல பகுதிகளாக எல்லை போட்டுப் பிரிப்பதைப் 'பார்ட்டிஷன்' என்கிறோம். ஒவ்வொரு பகுதியையும் சிஸ்டம் தனி டிஸ்க் போலவே நடத்தும். ஒன்றை அழித்துப் புதுப்பித்தாலும் மற்றது அப்படியே இருக்கும். ஒன்று நிரம்பி வழிந்தாலும் மற்றதில் இடம் குறையாது. கடைக்கு வேண்டிய நன்மைகள் இந்த இரண்டும்தான்.

எல்லைகளின் விவரம் டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு பட்டியலாக எழுதப்பட்டிருக்கும். பழைய முறையான எம்.பி.ஆர். பட்டியலில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இடம் இல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் நான்கில் ஒன்றை விரிவுப் பகுதியாக்கி அதற்குள் உள்பகுதிகள் பிரிக்க வேண்டும். சாதாரணமாக 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கை அந்தப் பட்டியலால் முழுவதும் குறிக்க முடியாது. புதிய முறையான ஜி.பி.டி. பட்டியலில் வழக்கமாக 128 பகுதிகள் வரை வைக்கலாம். புதிதாகப் பிரிப்பவர்கள், இயந்திரம் மிகப் பழையதாக இல்லாத வரை, ஜி.பி.டி. முறையையே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லை போட்ட பிறகு மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பது நம் இரு ஊர்க்காரர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1-ஆம் தேதி பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரிந்தன. கோடு போடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கோப்புகளை இடம் மாற்றுவதுதான் வேலை. டிஸ்கிலும் அப்படியே. ஒரு பகுதியைப் பின்னால் சுருக்கி இன்னொன்றை விரிக்க முடியும். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளை நகர்த்த வேண்டும், நடுவில் கரண்ட் போனால் ஆபத்து. ஆகவே முதலிலேயே யோசித்துப் பிரிப்பது நல்லது.

எல்.வி.எம். என்று ஒரு முறை இருக்கிறது. செங்கல் சுவருக்குப் பதிலாகப் பலகைத் தட்டி வைப்பது போல, பகுதிகளின் அளவைப் பிறகு எளிதாகக் கூட்டலாம். பெரிய மண்டிகளும், பல கணிப்பொறிகளை இணைத்து வைத்திருப்பவர்களும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரே கணிப்பொறி வைத்திருக்கும் கடைக்கு அது கட்டாயம் அல்ல.

எந்தெந்த அறைகள் வேண்டும்?

விண்டோஸில் சி, டி என்று டிரைவ்கள் தனித்தனியே தெரியும். யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்களில் அப்படி இல்லை. எல்லாம் 'ரூட்' என்னும் ஒரே அடிமரத்திலிருந்து கிளை பிரியும். எந்தக் கிளையை வேண்டுமானாலும் தனிப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம். கடைக்குத் தேவையானவை இவை:

முதலாவது, பூட் பகுதி. கணிப்பொறியைத் தட்டியவுடன் சிஸ்டத்தைத் தேடி எழுப்பும் சிறு இடம். யூ.இ.எஃப்.ஐ. முறையில் எழும்பும் இயந்திரங்களுக்கு இது அவசியம். அரை ஜி.பி. முதல் 1 ஜி.பி. வரை போதும்.

இரண்டாவது, ரூட் பகுதி. சிஸ்டமும் மென்பொருள்களும் இங்கே இருக்கும். 25 ஜி.பி.யில் ஆரம்பிக்கலாம். ஆனால் புதுத் திருத்தங்கள் வரவர அது நிறையும். 'வார்' என்னும் கிளையும் தனியே பிரிக்காவிட்டால் இதற்குள்ளேயே அடங்கும். சிஸ்டம் எழுதும் நாட்குறிப்புகள், இறக்கிய மென்பொருள் மூட்டைகள், அச்சுக்குக் காத்திருக்கும் பில்கள் எல்லாம் வார் கிளையில்தான் சேரும். ஏதோ ஒரு மென்பொருள் கோளாறாகி, ஒரே பிழைச் செய்தியை ஓயாமல் எழுதிக்கொண்டே போனால், இந்தப் பகுதி நிரம்பிவிடும். நிரம்பினால் டேட்டாபேஸால் புதிய வரி எழுத முடியாது. தீபாவளிக்கு முதல் நாள் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது பில் போட முடியாமல் நிற்பது இப்படித்தான். எனவே இடம் இருந்தால் 60 ஜி.பி. கொடுத்து விடலாம்.

மூன்றாவது, ஹோம் பகுதி. கடிதம், விலைப்பட்டியல், புகைப்படம் முதலிய அன்றாடக் கோப்புகளுக்கு.

நான்காவது, கணக்குப் பகுதி. வழக்கமான கையேடுகளில் இது இருக்காது. வணிகராகிய நமக்கு இதுவே முக்கியம். பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸ், ஸ்கேன் செய்த கொள்முதல் பில்கள், ஜி.எஸ்.டி. படிவங்களின் நகல்கள் ஆகியவற்றை மட்டும் வைப்பதற்கான தனி அறை. மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்கள் சாதாரணமாகத் தங்கள் கோப்புகளை வார் கிளைக்குள் 'லிப்' என்ற உள்கிளையில் வைக்கின்றன. அந்த இடத்தைக் கணக்குப் பகுதிக்கு மாற்றித் தரும்படி மென்பொருள் போடுபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் விட்டுப்போனது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஐந்தாவது ஸ்வாப். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

500 என்று வாங்கியது 465 ஏன்?

500 ஜி.பி. டிஸ்க் வாங்கிப் பொருத்தினால் பல கணிப்பொறிகளில் திரையில் 465 என்றே தெரியும். இது எடைக் குறைவு அல்ல. டிஸ்க் செய்பவர் 1 ஜி.பி. என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். திரையில் காட்டும் சிஸ்டம் பெரும்பாலும் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. பழைய படியும் புதிய லிட்டரும் போல, சரக்கு அதேதான், அளவைதான் வேறு. இதே கணக்கில் 1 டெராபைட் டிஸ்க் 931 ஜி.பி. ஆகவும், 120 ஜி.பி. டிஸ்க் 111 ஜி.பி. ஆகவும் தெரியும். பிரிக்கும்போது திரையில் தெரியும் அளவை வைத்தே திட்டமிட வேண்டும். உபுண்டு போன்ற சில சிஸ்டங்களின் கோப்புத் திரை முதல் அளவையிலேயே காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடைக் கணக்குக்கு எவ்வளவு இடம்?

கணக்கு மட்டும் என்றால் மிகக் குறைவு. ஒரு பில்லுக்கு 2 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 300 பில், வருடத்துக்கு 360 நாள். 1,08,000 பில்களுக்கு ஏறத்தாழ 216 மெகாபைட். ஆறு வருடத்துக்கும் சேர்த்து 1.3 ஜி.பி.தான் ஆகிறது.

ஸ்கேன் செய்த பில்கள்தான் இடம் பிடிக்கும். ஒரு பக்கம் 1 மெகாபைட், நாளைக்கு 20 பக்கம் என்றால் வருடத்துக்கு 7.2 ஜி.பி., ஆறு வருடத்துக்கு 43 ஜி.பி. ஆகும்.

ஆறு வருடம் என்று கணக்குப் போட்டதற்குக் காரணம் சட்டம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டுப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2024-25 ஆண்டுக்குரிய கடைசி நாள் 2025 டிசம்பர் 31 என்று கொண்டால், அந்தக் கணக்கு 2031 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க நேரும்.

கேமரா பதிவு இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா பதிவு செய்தால் ஒரு நாளைக்கே 21.6 ஜி.பி. ஆகிறது. 500 ஜி.பி. டிஸ்க் ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. எனவே கேமராப் பதிவைக் கணக்கு இருக்கும் டிஸ்கில் வைக்கவே கூடாது. அதற்குத் தனிப் பெட்டி, தனி டிஸ்க் வேண்டும்.

ஸ்வாப்: கடை மேசையும் பின்கட்டும்

கணிப்பொறியின் மெமரி நம் கடையின் முன்மேசை போன்றது. கைக்கெட்டும் இடம், வேலை வேகமாக நடக்கும் இடம், ஆனால் சிறியது. டிஸ்க் பின்னால் இருக்கும் குடோன். பண்டிகை நேரத்தில் முன்மேசையில் இடம் போதாவிட்டால், அப்போதைக்குக் கேட்பார் இல்லாத சரக்கைத் தூக்கிப் பின்கட்டில் ஓர் ஓரமாக வைக்கிறோம். கேட்கும்போது மீண்டும் எடுத்து வருகிறோம். அந்த ஓரம்தான் ஸ்வாப். அங்கே வேறு கோப்பு எதையும் வைக்க முடியாது.

ஸ்வாப் அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும்? மெமரி முற்றிலும் நிறைந்துவிடும் நிலையில், லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்திவிடும். அதிக மெமரி பிடித்திருப்பதே பெரும்பாலும் அதன் கண்ணில் படும். அது இணையம் பார்க்கும் பிரவுசராக இருந்தால் தப்பித்தோம். டேட்டாபேஸாக இருந்தால் பில் நின்றுவிடும்.

அதிகமாக ஸ்வாப் கொடுத்தால் வேகம் கூடுமா? கூடாது. சரக்கைப் பின்கட்டுக்கும் முன்மேசைக்குமாகத் தூக்குவதிலேயே ஆள் ஓடிக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? சுழலும் ஹார்டு டிஸ்கில் இது மிகவும் மந்தம். எஸ்.எஸ்.டி.யில் அவ்வளவு மோசம் இல்லை என்றாலும் மெமரியின் வேகம் வராது. ஸ்வாப் நாள் முழுக்கப் பயன்பட்டுக்கொண்டே இருந்தால் அதன் பொருள், மெமரி குறைவு என்பதே. 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுத்தால் மெமரியிலும் ஸ்வாப்பிலும் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். ஒரு வாரம் மாலை நேரத்தில் பார்த்துக் குறித்துவந்தால், புதிய மெமரித் தகடு வாங்க வேண்டுமா என்பது தானே விளங்கிவிடும்.

எவ்வளவு கொடுப்பது? "மெமரியைப் போல் இரு மடங்கு" என்பது பழைய விதி. 16 மெகாபைட் மெமரி இருந்த 1990-களில் 32 மெகாபைட் ஸ்வாப் கொடுத்தார்கள். சாதாரண பி.சி.க்களில் அன்றைய லினக்ஸ் ஒரு ஸ்வாப் பகுதியில் 128 மெகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தவும் முடியாது. இன்று அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டியதில்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் கையேடு கூறுவது இது: மெமரி 2 ஜி.பி. வரை இருந்தால் இரு மடங்கு. 2 முதல் 8 ஜி.பி. வரை இருந்தால் மெமரி அளவே. 8-க்கு மேல் 64 வரை இருந்தால் குறைந்தது 4 ஜி.பி. கணிப்பொறியை 'ஹைபர்னேட்' முறையில் உறங்க வைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புகிறவர்கள் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் மெமரியில் இருப்பது ஸ்வாப்பில்தான் இறக்கி வைக்கப்படும். கடையை அடைக்கும்போது கணிப்பொறியையும் முழுவதும் நிறுத்துபவர்களுக்கு அது வேண்டியதில்லை.

ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி வேண்டும் என்பதுகூட இன்று கட்டாயம் அல்ல. ரூட் பகுதிக்குள்ளேயே ஒரு கோப்பாக வைக்கலாம். 2017-இல் வந்த உபுண்டு 17.04 முதல் அதுவே அங்கு வழக்கம். 2020-இல் வந்த ஃபெடோரா 33, மெமரிக்குள்ளேயே சுருக்கி வைக்கும் முறைக்கு மாறியது. கோப்பாக இருந்தால் தேவைப்படும்போது சில நிமிடங்களில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யலாம். ஆகவே ஸ்வாப் அளவு சற்று முன்பின் ஆனாலும் பின்னால் திருத்திக்கொள்ளலாம். கணக்குப் பகுதியின் இடம் தவறினால் திருத்துவது அவ்வளவு எளிதல்ல. கவலையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதிரித் திட்டங்கள்

முதல் மாதிரி: 500 ஜி.பி. டிஸ்க் (திரையில் 465), 4 ஜி.பி. மெமரி உள்ள கடைக் கணிப்பொறி.
பூட் பகுதி – 1 ஜி.பி.
ரூட் – 60 ஜி.பி.
ஸ்வாப் – 4 ஜி.பி.
ஹோம் – 100 ஜி.பி.
கணக்கு – 150 ஜி.பி.
பிரிக்காமல் விடுவது – 150 ஜி.பி.

இரண்டாம் மாதிரி: 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (திரையில் 111) போட்ட, 2 ஜி.பி. மெமரி உள்ள பழைய மடிக்கணினி.
பூட் பகுதி – 1 ஜி.பி.
ரூட் – 35 ஜி.பி.
ஸ்வாப் – 4 ஜி.பி.
ஹோம் – 15 ஜி.பி.
கணக்கு – 40 ஜி.பி.
பிரிக்காமல் விடுவது – 16 ஜி.பி.

இரண்டாம் மாதிரியில் கணக்குப் பகுதி ஆறு வருட ஸ்கேன் பில்களைத் தாங்காது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்டவற்றை வெளி டிஸ்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டிலும் கணக்குப் பகுதியைக் கடைசியில் வைத்து, வெற்றிடத்தை அதற்கு அடுத்தாற்போல் விட்டிருக்கிறோம். நாளை கணக்குப் பகுதி போதாவிட்டால் பக்கத்து வெற்றிடத்துக்குள் அதை விரிக்கலாம். வேறு எதையும் நகர்த்த வேண்டாம். மனை வாங்கியவர் பின்பக்கம் கொஞ்சம் காலி இடம் விட்டுக் கட்டுவது போல.

பகுதிகளுக்கு 'எக்ஸ்ட்4' என்ற அமைப்பு போதுமானது. கரண்ட் திடீரென்று போனால், எழுதிக்கொண்டிருந்த வேலையின் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நாட்குறிப்பு முறை அதில் உண்டு. ஆனால் அது அலமாரி சரியாமல் காக்கும், கடைசியாகத் தட்டிய பில்லையும் காக்கும் என்று நம்பக் கூடாது. யூ.பி.எஸ். அவசியம் வேண்டும். மேலும் எக்ஸ்ட்4 சாதாரணமாக ஒவ்வொரு பகுதியிலும் 5 சதவீதத்தைச் சிஸ்டத்தின் அவசரத்துக்கென ஒதுக்கிவைக்கும். இடம் இருப்பது போலத் தெரிந்தும் எழுத முடியவில்லை என்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுவர் கட்டினால் மட்டும் போதாது

பிரிப்பு என்பது காப்பி அல்ல. ஒரே கூரையின் கீழ் எத்தனை அறை இருந்தாலும் கூரை விழுந்தால் எல்லா அறையும் போகும். டிஸ்க் பழுதானால் ரூட்டும் போகும், கணக்கும் போகும். ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆம் விதியும், விபத்தாலோ இயற்கையாலோ பதிவுகள் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கக் கூடிய விதத்தில் மின்னணுக் காப்பி வைத்திருக்க வேண்டும் என்றே கூறுகிறது.

நாங்கள் இப்போது செய்வது இது: தினமும் இரவு கடை அடைக்கும் முன் ஒரு பென் டிரைவில் காப்பி. வாரம் ஒரு முறை வெளி டிஸ்கில் காப்பி. அதைக் கடையில் வைப்பதில்லை, வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி எடுப்பது, ஒரு பக்கம் விற்றுக்கொண்டே மறு பக்கம் இருப்பு எண்ணுவது போன்றது, கணக்கு ஒட்டாது. டேட்டாபேஸே தரும் 'டம்ப்' என்ற முறையிலோ, பில்லிங் மென்பொருளில் உள்ள பேக்கப் பொத்தானிலோதான் எடுக்க வேண்டும். எடுத்த காப்பியை மாதம் ஒரு முறை வேறு கணிப்பொறியில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத காப்பி, பிரித்துப் பார்க்காமல் வாங்கிய மூட்டைக்குச் சமம்.

பிரிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

1. டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் உடனே மாறக் கூடாது. அது நேரடியாக லினக்ஸில் ஓடாது. விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட்டுப் பழகலாம்.

2. எதையும் அழிக்கும் முன் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பில் அச்சிடும் பிரிண்டர், பார்கோடு கருவி, தமிழ் எழுத்து ஆகியவை சரியாக வருகின்றனவா என்று அப்போதே சோதித்துவிட வேண்டும்.

3. விண்டோஸ் பகுதியைச் சுருக்கும் முன் முழுக் காப்பி எடுக்க வேண்டும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்த வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

4. நிறுவும்போது 'முழு டிஸ்கையும் அழித்து நிறுவு' என்ற பொருளில் ஒரு வரி வரும். அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். 'நானே பிரித்துக்கொள்கிறேன்' என்ற பொருளுள்ள வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. சிஸ்டத்தை மறுபடி போடும் நாளில், ரூட் பகுதிக்கு மட்டும் 'ஃபார்மட்' குறி இருக்க வேண்டும். ஹோம், கணக்கு இரண்டுக்கும் குறி இல்லை என்பதை நீங்களே திரையில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பொத்தானை அழுத்தவிட வேண்டும்.

6. அதற்கும் முன்னால் சர்வீஸ் செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "எங்கள் பற்று வரவு எந்தப் பகுதியில், எந்தக் கிளையில் இருக்கிறது? காட்டுங்கள்." பதில் தயங்கி வந்தால் வேலையை ஒரு நாள் தள்ளிப்போடலாம். நஷ்டம் இல்லை.

வேலை முடிந்ததும் பகுதிகளின் பெயர், அளவு, கணக்கு இருக்கும் இடம், போட்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இன்று சிஸ்டம் போட்டவர் நாளை வெளியூர் போய்விடலாம். அடுத்து வருபவருக்கு அந்தத் தாள்தான் வழி காட்டும். எங்கள் கடையில் அந்தத் தாள் இப்போது இருக்கிறது. அதன் முதல் வரி: "கணக்கு இங்கே இருக்கிறது. இதை அழிக்காதே."